ஓய்வெடுத்தால் நின்றுபோகும் கணினி

அப்பா காலையில் எழுந்ததும் நேராக முன்னறைக்குப் போய், மேசைக்கு அடியில் இருக்கும் கணினியைக் குனிந்து பார்ப்பார். அப்புறம் என்னிடம் கேட்பார்: "ராத்திரி நின்னுச்சா?" 2023 மார்ச் தொடங்கி ஜூன் வரைக்கும் எங்கள் வீட்டில் விடிந்ததும் பேசப்பட்ட முதல் பேச்சு இதுதான். நின்றது என்றால் அணைந்துபோனது என்று பொருளில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், பவர் விளக்கு எரியும். ஆனால் திரை எழும்பாது, நம்லாக் பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கு மாறாது, வலையில் வேறு கணினியிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. கடைக்காரர்கள் மொழியில் சொன்னால் ஹேங். பவர் பொத்தானை நாலைந்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

அப்பாவுக்கு அந்தக் கணினிமேல் அவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. திருநெல்வேலியில் அவர் நடத்திய சிறிய அச்சகத்தின் பதினோரு வருடக் கோப்புகள் அதற்குள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக மலர்கள், ஊர்க் கவிஞர்கள் சொந்தக் காசில் போட்ட தொகுப்புகள், பள்ளி ஆண்டுமலர்கள். எல்லாம் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் அடித்தவை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக யூனிகோட் பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்கள். ரோமன் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஒப்பேற்றியவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வந்தன என்றாலும், எங்கள் அச்சகம் போன்ற இடங்களில் ஒவ்வொரு மென்பொருளும் அதனதன் எழுத்துருவோடுதான் ஓடியது. எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் வெறும் குறிகளாகத்தான் தெரியும். இவற்றைத் திறக்க விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும். எக்ஸ்பி ஓடக்கூடிய பழைய பெட்டி ஒன்றை இன்னும் எத்தனை காலத்துக்கு உயிரோடு வைத்திருக்க முடியும்? அதனால்தான் மெய்நிகர் கணினிக்கு வந்தேன்.

மெய்நிகர் கணினி என்பதை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் உண்மைக் கணினிக்குள் மென்பொருளாகவே இன்னொரு கணினியைக் கட்டிவிடுவது. உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தான் இருப்பது நிஜப் பெட்டியில் இல்லை என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. லினக்ஸில் இதற்கான கேவிஎம் என்ற வசதி 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலிலேயே (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்துவிட்டது. வெளியே இருப்பதை இங்கே தாய்க்கணினி என்று சொல்கிறேன்.

என் தாய்க்கணினி 2019இல் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தது. எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பகுதிகள், கொண்ட செயலி, இரண்டு பதினாறு ஜிபி ரேம் குச்சிகள், வேகமான எஸ்எஸ்டி ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. எஸ்எம்பிஎஸ்ஸையும் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) கேபினட்டையும் மட்டும் 2011இல் வாங்கிய முந்தைய கணினியிலிருந்தே எடுத்துக்கொண்டேன், இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. முதல் இரண்டு வருடம் ராத்திரி அணைத்துவிடும் சாதாரண மேசைக் கணினியாக இருந்தது. 2021இல் மூன்று மெய்நிகர் கணினிகளை ஏற்றி, இரவு பகலாக ஓட விட்டேன். ஒன்று வீட்டின் கோப்புக் கிடங்கு. இன்னொன்று, பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்ற நான் எழுதிய நிரல் ஓடும் லினக்ஸ். மூன்றாவது எக்ஸ்பி. கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

2023 பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, தாய்க்கணினியின் கெர்னலையும் மெய்நிகர் மென்பொருளையும் புதுப்பித்தேன். அடுத்த வாரமே முதல் ஹேங். அப்புறம் மூன்று நாள் கழித்து, ஆறு நாள் கழித்து, மறுநாளே என்று முறையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

நானும் எல்லோரையும்போல் புதுப்பித்ததன்மேல்தான் பழியைப் போட்டேன். கடைசியாக எதை மாற்றினோமோ அதுதானே குற்றவாளி. பழைய கெர்னலுக்குத் திரும்பினேன், அதிலும் நின்றது. மெய்நிகர் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு இறக்கினேன், அதிலும் நின்றது. இதற்கே இரண்டு வாரம் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெய்நிகர் கணினி வைத்திருப்பவர்கள் ஹேங் என்று சொல்வதெல்லாம் ஒரே நோய் இல்லை. சில சமயம் உள்ளே இருக்கும் கணினி மட்டும் உறைந்திருக்கும். தாய்க்கணினியில் மவுஸ் நகரும், மற்ற மெய்நிகர்க் கணினிகள் ஓடும். அப்போது கோளாறைத் தேட வேண்டிய இடம் அந்த ஒன்றுக்குள்தான். சில சமயம் எல்லாமே ஒரு நிமிடம் திணறிவிட்டுத் தானாகவே மீண்டுவிடும். இது பெரும்பாலும் டிஸ்க் வேலை. லினக்ஸ் எழுத வேண்டியதை உடனே டிஸ்க்கில் எழுதாமல் ரேமில் சேர்த்து வைக்கும். வழக்கமான அமைப்பில் ரேமின் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர விடும். 32 ஜிபி கணினியில் ஆறு ஜிபி சேர்ந்துவிட்டால், நொடிக்கு நூறு எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்குக்கு அதை இறக்கி முடிக்க ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடமும் உள்ளே இருக்கும் கணினிகள் எல்லாம் வாசலில் நிற்கும். ரேம் தீர்ந்துபோய், டிஸ்க்கையே ரேம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் தள்ளாடுவதும் பார்க்க இதுபோலவே இருக்கும். அப்போது டிஸ்க் விளக்கு விடாமல் மின்னும், பொறுத்திருந்தால் பதில் வரும். ஆகவே ஹேங் என்று தோன்றியதும் பவர் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகாமல் பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். பொறுமைக்காகச் சொல்லவில்லை. மீண்டு வந்தால் லாகில், அதாவது நடப்பதைக் கணினி தானே எழுதிவைக்கும் பதிவேட்டில், தடயம் இருக்கும். ஒரு நிரல் டிஸ்க்குக்காக 120 நொடிக்குமேல் சிக்கிக் கிடந்தால் கெர்னலே அதைப் பெயர் சொல்லிக் குறித்துவைக்கும்.

என்னுடையது இந்த இரண்டும் இல்லை. காலையில் பார்க்கும்போது நாலு மணி நேரமாக நின்றிருக்கும். சிஸ்ஆர்க்யூ என்று ஒரு பழைய சாவி லினக்ஸில் இருக்கிறது; எல்லாம் சிக்கியிருந்தாலும் கெர்னல் உயிரோடு இருந்தால் அந்தச் சாவிக் கூட்டுக்கு மட்டும் செவிசாய்த்து, டிஸ்க்கை ஒழுங்காக மூடி மறுபடி துவக்கும். என் கணினி அதற்கும் அசையவில்லை.

லாகில் ஏதாவது இருக்கும் என்று பார்த்தால் அங்கேயும் ஒன்றுமில்லை. முந்தைய ஓட்டத்தின் கடைசி வரி, மணிக்கொருமுறை ஓடும் ஏதோ ஒரு சாதாரண வேலை. அதற்கப்புறம் என் கை பட்டு மறுபடி துவங்கிய வரி. இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லினக்ஸில் லாகை எழுதும் சிஸ்டம்டியின் ஜர்னல், மிகக் கடுமையான செய்தி என்றால்தான் உடனே டிஸ்க்கில் பதியும், மற்றவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஆகவே நின்ற நேரம் என்று நான் நினைத்தது ஐந்து நிமிடம் வரை தவறாக இருக்கலாம். கடைசி நிமிடங்களில் சொன்ன சொல் ரேமோடு போயிருக்கலாம்.

செத்துப்போகும் கணினியின் லாகை அதனிடமே விட்டுவைக்கக் கூடாது, வெளியே ஒரு சாட்சி வேண்டும் என்று அப்போது புரிந்தது. வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். பத்து நொடிக்கு ஒருமுறை அது தாய்க்கணினியைக் கூப்பிட்டு, பதில் வந்ததா இல்லையா என்று நேரத்தோடு எழுதிவைக்கும். கூடவே நெட்கன்சோல். கெர்னல் தன் செய்திகளை டிஸ்க்குக்குப் போகாமல் நேராக வலைவழியே இன்னொரு கணினிக்கு எறியும் வசதி அது. உயிர் போகும் தறுவாயில் டிஸ்க்கில் எழுத முடியாவிட்டாலும் ஒரு சின்னப் பொட்டலத்தை வலையில் வீசிவிடலாம் என்பதுதான் அதன் நம்பிக்கை. இதைப் போட்டால் போட்டதோடு விடாதீர்கள். நானே ஒரு செய்தியைக் கிளப்பி, அது பையில் வந்து விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் படுக்கப் போனேன்.

நாலாம் நாள் ராத்திரி நின்றது. பையில் பார்த்தேன்: 3:12:40க்குப் பதில் இருக்கிறது, 3:12:50க்கு இல்லை. மூன்று மெய்நிகர் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்த இரண்டிலும் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதி உடனே டிஸ்க்கில் பதியும்படி ஒரு சின்ன வேலை வைத்திருந்தேன். இரண்டிலும் கடைசி வரி 3:12. நெட்கன்சோலில் ஒரு சொல்கூட இல்லை.

அந்த மௌனத்தை முதலில் ஏமாற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் அதுவும் ஒரு வாக்குமூலம் என்று தெரிந்தது. லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு காவலாளி உண்டு. ஏதாவது ஒரு கோர் 20 நொடிக்குமேல் ஒரே வேலையில் சிக்கி மற்றவற்றுக்கு வழிவிடாமல் இருந்தால் அவன் கத்துவான். குறுக்கீடுகளைக்கூட ஏற்காமல் பத்து நொடி கிடந்தால் இன்னொரு காவலாளி கத்துவான். மென்பொருள் பிழையால் ஒரு கோர் சிக்கியிருந்தால் மற்ற ஏழில் ஒன்றாவது வாய் திறந்திருக்கும். எட்டும் ஒரே நொடியில், ஒரு முனகல்கூட இல்லாமல் போனது என்றால், பிழை நிரலுக்குக் கீழே, மின்சாரம் ஓடும் இடத்தில் இருக்க வேண்டும். மெய்நிகர் மென்பொருளைச் சந்தேகிப்பதை அன்றோடு விட்டேன்.

ஹார்டுவேர் என்று முடிவானதும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, வெயிலாக இருக்குமோ என்று கேபினட்டைத் திறந்து தூசி ஊதி, செயலியின்மேல் புதிதாகப் பேஸ்ட் தடவினேன். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு நின்ற கணினி வெயிலால் நின்றிருக்க முடியாது என்பது தடவும்போதே மனசுக்குள் ஓடியது. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்குகளைப் பார்த்தேன், கெட்ட இடங்கள் பூஜ்யம், கேபிள் பிழைகள் பூஜ்யம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். நாலு சுற்று, ஒரு பிழைகூட இல்லை. எட்டு கோரையும் நூறு சதவீதத்தில் ஆறு மணி நேரம் வதைத்தேன். விசிறி அலறியது, கணினி அசையவில்லை.

சோதனை செய்தால் நிற்பதில்லை, சும்மா விட்டால் நிற்கிறது. இதை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதியபோது அதன் பொருள் எனக்கு எட்டவில்லை.

நோட்டு என்றேனே, அதைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவின் அச்சகத்தில் மிச்சமான ஒரு பக்கத் தாள்களைத் தைத்து நான் வைத்திருக்கும் குறிப்பேடு. ஒவ்வொரு ஹேங்குக்கும் ஒரு வரி: தேதி, பை கடைசியாகப் பதில் பெற்ற நேரம், அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு முன்னால் நான் எதை மாற்றினேன். முதல் ஐந்து வாரத்தில் ஒன்பது வரிகள். ஏழு நள்ளிரவுக்கும் காலை ஐந்துக்கும் நடுவில். இரண்டு மதியம் இரண்டிலிருந்து மூன்றுக்குள், சாப்பிட்டுவிட்டு வீடே படுத்திருக்கும் நேரம்.

அப்போதுதான் ரேமைச் சந்தேகித்து ஒரு குச்சியைக் கழற்றினேன். ஒன்பது நாள் நிற்கவில்லை. பிடித்துவிட்டோம் என்று அப்பாவிடம் சொன்னேன், கழற்றிய குச்சிக்குப் பதிலாகப் புதிய ரேம் வாங்கினேன், பொருத்தினேன். மூன்றாம் நாள் ராத்திரி நின்றது.

அன்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முறையில்லாமல் வரும் கோளாறைத் தேடுகிற எவருக்கும் இந்தக் கணக்கு உதவும் என்பதால் விரித்தே சொல்கிறேன். சராசரியாக நாலு நாளைக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் கோளாறு என்று வையுங்கள். எதையுமே சரிசெய்யாமல் சும்மா இருந்தாலும், நாலு நாள் அமைதியாகப் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 37. எட்டு நாள் போவதற்கு நூற்றுக்கு 13க்கும் மேல். பன்னிரண்டு நாள் என்றால்தான் அது ஐந்துக்கு இறங்குகிறது. அதாவது ஒரு மாற்றம் பலித்ததா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காத்திருக்க வேண்டும். அதுவரை வேறெதையும் தொடக் கூடாது. நான் அதுவரை மூன்று நாள் நிற்கவில்லை என்றால் மகிழ்ந்தேன், இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்தேன். ஐந்து வார உழைப்பில் பாதி அதனாலேயே வீணாகியிருந்தது.

ஆனாலும் அந்த ஒன்பது நாள் என்னை உறுத்தியது. முழுக்கத் தற்செயலாக இருக்கலாம், பத்துக்கு ஒன்று வாய்ப்பு. அப்படியில்லை என்றால், அந்த ஒன்பது நாளில் ரேமைத் தவிர வேறென்ன மாறியிருந்தது? நோட்டைப் புரட்டினேன். பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மறைந்த தன் தகப்பனாரின் கவிதைப் புத்தகத்தை மறுபதிப்புப் போட வேண்டும், 2002இல் அப்பாவிடம் அச்சடித்தது, கோப்பு இருக்குமா என்று கேட்டார். அதை எடுத்துச் சரிபார்ப்பதற்காக எக்ஸ்பி மெய்நிகர் கணினியை மறுபடி போட்டு, இரவும் பகலும் ஓட விட்டிருந்தேன். வேலை முடிந்ததும், புதிய ரேம் வந்த அன்றே, எக்ஸ்பியை அணைத்தேன்.

பின்னோக்கிப் புரட்டினேன். ஒன்பது வரியிலும் "ஓடியவை" என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. எக்ஸ்பி ஒன்றில்கூட இல்லை. பிப்ரவரிக் கடைசி சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். கெர்னலைப் புதுப்பித்தது ஞாபகம் இருந்தது. மொத்தக் கோப்புகளையும் மாற்றும் வேலை முடிந்துவிட்டது, இனி எக்ஸ்பி எதற்கு என்று அதே நாள் அதை அணைத்ததை மறந்துவிட்டிருந்தேன். இரண்டு வருடம் இடைவிடாமல் ஓடிய ஒரு கணினியை அன்று நிறுத்தியிருக்கிறேன். சுமையைக் குறைத்தது கோளாறுக்குக் காரணமாகும் என்று எப்படித் தோன்றும்?

இதற்கு விளக்கம் கடிகாரத்தில் இருக்கிறது. பழைய இயங்குதளங்கள் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தாளத்தில் செயலியைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் வழக்கமாக நொடிக்கு 64 தடவை. வேலை இல்லாதபோது தட்டாமல் தூங்க விடும் முறை லினக்ஸில் 2007 ஏப்ரலில் 2.6.21 கெர்னலில் வரத் தொடங்கியது, விண்டோஸில் 2012இல் எட்டாம் பதிப்போடுதான். எக்ஸ்பிக்கு அந்தப் பழக்கமே இல்லை. இதற்குமேல், மவுஸ் ஒழுங்காக நகர வேண்டும் என்று அதற்கு நான் கொடுத்திருந்த மெய்நிகர் யூஎஸ்பி கருவி. பழைய வகை யூஎஸ்பி ஆயிரத்தில் ஒரு நொடியைக் கணக்காக வைத்து ஓடுவது. அதைப் போலி செய்யும் மென்பொருளும் நொடிக்கு ஆயிரம் தடவை எழுந்து பார்க்கும். ஆக எக்ஸ்பி ஓடிய இரண்டு வருடமும், திரையில் ஒன்றுமே நடக்காத நள்ளிரவில்கூட, என் தாய்க்கணினியை யாரோ விடாமல் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டும் புதிய லினக்ஸ். வேலை இல்லை என்றால் கடிகாரத்தையே நிறுத்திவிட்டுத் தூங்கும். எக்ஸ்பியை அணைத்த ராத்திரிதான் தாய்க்கணினி முதல்முறையாக ஆழ்ந்து தூங்கியிருக்கிறது.

பவர்டாப் என்ற கருவியில் இதைக் கண்ணால் பார்த்தேன். எக்ஸ்பி ஓடும்போது நொடிக்கு ஆயிரத்து நூறுக்குமேல் விழிப்புகள். அணைத்தால் எண்பது, தொண்ணூறு. கோர்கள் தூங்கும் ஆழத்தையும் அது காட்டும். செயலிகளின் தூக்கத்துக்குப் படிகள் உண்டு. முதல் படியில் கடிகாரத் துடிப்பு மட்டும் நிற்கும். சி6 என்னும் ஆழத்தில் கோரின் நினைவில் இருப்பதை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதற்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்துவிடும். வேலை வந்தால் மறுபடி மின்சாரம் ஏற்றி, வைத்ததை எடுத்துக்கொண்டு விட்ட இடத்தில் தொடரும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை நடக்கும். எக்ஸ்பி இல்லாத ராத்திரிகளில் எட்டு கோரும் தொண்ணூறு சதவீதத்துக்குமேல் அந்த ஆழத்தில் கிடந்தன.

மெம்டெஸ்ட் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்பதும் அப்போது விளங்கியது. நான் செய்த சோதனைகள் எல்லாமே கணினியை வேலை வாங்குபவை. கோளாறு ஓய்வில் இருந்தது. வேலை கொடுத்துக் கொடுத்துத் தேடினால் ஆயுசுக்கும் கிடைத்திருக்காது.

இனி நிரூபிக்க வேண்டும். எக்ஸ்பியை அணைத்தே வைத்தேன். துவக்கத்தில் கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில், முதல் படிக்குமேல் தூங்காதே என்று ஒரு கட்டளை சேர்த்தேன். வேறு எதையும் தொடவில்லை. பன்னிரண்டு நாள் போதும் என்று கணக்கு சொன்னாலும் பதினாறு நாள் விட்டேன். நிற்கவில்லை. கட்டளையை எடுத்தேன், இரண்டாம் ராத்திரி நின்றது. மறுபடி சேர்த்தேன், மறுபடி அமைதி. அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப அது தூங்கவே கூடாதா?" என்று கேட்டார். சுவரில் செருகும் மீட்டரில் பார்த்தேன்: ஆழ்ந்து தூங்க விட்டால் 34 வாட், தடுத்தால் 46. பன்னிரண்டு வாட் வித்தியாசம் ஒரு வருடத்துக்கு 105 யூனிட். கட்ட முடியாத காசு இல்லைதான். ஆனால் தூங்கினால் ஏன் சாகிறது என்று தெரியாமல் விட எனக்கு மனசில்லை.

தூங்கும்போது ஒரு கணினியில் என்ன மாறுகிறது? மின்னோட்டம் குறைகிறது. அதைக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ். நாங்கள் எல்லோரும் எஸ்எம்பிஎஸ்ஸின் அதிக அளவைத்தான் பார்த்து வாங்குவோம், 450 வாட், 550 வாட் என்று. அதற்குக் குறைந்த அளவு ஒன்றும் உண்டு என்பது பலருக்கும் தெரியாது. 2013 ஜூனில் இன்டெலின் ஹாஸ்வெல் செயலிகள் வந்தபோது இதே பேச்சு பெரிதாக எழுந்தது. அவை ஆழ்ந்து தூங்கும்போது செயலிக்கான 12 வோல்ட் தடத்தில் எடுக்கும் மின்னோட்டம் 0.05 ஆம்பியர் வரைக்கும் இறங்கும். அதற்கு முந்தைய வரையறை 0.5 ஆம்பியர். பத்தில் ஒரு பங்கு. எஸ்எம்பிஎஸ் தயாரிப்பாளர்கள் எங்கள் எந்தெந்த மாடல் இதைத் தாங்கும் என்று பட்டியல் போட்டார்கள். மதர்போர்டுகளின் பயாஸில் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அந்தத் தூக்கத்தை அணைக்கும் வசதி வந்தது. பழைய மலிவு வகைகளில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே சுற்றில் சீர்செய்வார்கள். ஒரு பக்கம் சுமை இருந்து மறுபக்கம் சுமையே இல்லாமல் போனால், ஒன்றைச் சரியாக்கப் போய் மற்றது அளவு மீறும். தனித்தனியாகச் சீர்செய்யும் புதிய வகைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

என் எஸ்எம்பிஎஸ் 2011இல் வாங்கியது.

ஜூன் மாதம் ஜங்ஷன் பக்கம் நான் வழக்கமாகப் பாகங்கள் வாங்கும் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எஸ்எம்பிஎஸ் வீக்குன்னா லோடு குடுக்கும்போதுல்லா போவும்? சும்மா கெடக்கும்போது எதுக்குப் போவுது?" என்றார். "சும்மா கெடக்கும்போதுதான் அண்ணாச்சி போவுது" என்று நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். தனித்தனியாகச் சீர்செய்யும் வகை ஒன்றை எடுத்துக் கொடுத்து, "பதினஞ்சு நாள் ஓட்டிப் பாருங்க. நின்னுச்சுன்னா கொண்டாந்துருங்க, வேற பாப்போம்" என்றார். அவர் பதினைந்து நாள் என்று சொன்னது என் கணக்கோடு பொருந்தியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருட அனுபவத்தில் அவருக்கு அது கைவந்திருக்க வேண்டும்.

புதிய எஸ்எம்பிஎஸ், தூக்கத்துக்குத் தடையில்லை, எக்ஸ்பி அணைந்திருக்கிறது. இந்த மூன்றையும் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன். முதல் வாரம் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போய் நம்லாக்கைத் தட்டிப் பார்த்தேன். அப்படித் தட்டுவதே கணினியை எழுப்பிவிடும், சோதனை கெட்டுவிடும் என்று உறைத்ததும் அதையும் நிறுத்தினேன். ஐந்தாம் நாள், பத்தாம் நாள், பதினாறாம் நாள். பையின் பட்டியலில் ஒரு இடைவெளிகூட இல்லை. ஐந்து மாதம் கழிந்த பிறகு பையை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கணினியும் இப்படிச் சும்மா இருக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், எஸ்எம்பிஎஸ் வாங்குவதற்கு முன் பயாஸைப் பாருங்கள். சில போர்டுகளில் ஓய்வு நேரத்தில் மின்னோட்டத்தை மிகவும் குறைக்காமல் வழக்கமான அளவில் வைத்துக்கொள் என்று சொல்ல ஒரு தேர்வு இருக்கும். என் போர்டில் அது ஒரு பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகுதான் வந்தது என்பதைக் காரணம் கண்டுபிடித்த பிறகு பார்த்தேன். செலவில்லாமல் இரண்டு வாரத்தில் ஒரு பதில் கிடைத்துவிடும். மெய்நிகர் கணினிகளில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதையும் எழுதிவையுங்கள். எனக்குத் துப்புக் கொடுத்தது நோட்டில் "ஓடியவை" என்ற அந்த ஒரு இடம்தான்.

பாளையங்கோட்டை அம்மாவின் புத்தகம் அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பு வந்துவிட்டது. இருபத்தொரு வருடத்துக்கு முன் அப்பா அடித்த அதே வரிகள், இப்போது யூனிகோடில். மாறாத இரண்டு எழுத்துகளை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போட மனசு வராமல் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி அதை மீட்டரில் வைத்துப் பார்த்தார். 12 வோல்ட் தடம் 12.1 காட்டியது, ஒரு குறையும் இல்லை. கடையில் பில் போட அவர் வைத்திருக்கும் கணினி 2009இல் வாங்கியது. அதன் செயலிக்கு இவ்வளவு ஆழமாகத் தூங்கத் தெரியாது. அதில் மாட்டிவிட்டார். போன வாரம் ஒரு கேபிள் வாங்கப் போனபோது பார்த்தேன், அதே எஸ்எம்பிஎஸ்தான், பில் அடித்துக்கொண்டிருக்கிறது.